பொந்தை அடைத்துக்கொண்ட பொன்னலகி

மலைக்காட்டில் ஓர் உயரமான மரத்தில் முரசன் என்ற கிழட்டு இருவாட்சிப் பறவையும் அவன் மனைவி பொன்னலகியும் வாழ்ந்தார்கள்.

முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை வெளியிலிருந்து பழம் ஊட்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பதற்குப் பட்டினிதான்.

அந்த வருடம் அடைமழையில், காலமில்லாக் காலத்தில், பொன்னலகி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டாள்.

"உள்ளே என்ன செய்யறே?" என்று பதறினான் முரசன்.

"கத்தாதே! முட்டை குளிர்ந்துடும்!"

முட்டையே இல்லை. முரசன் பூச்சை உடைத்தான். அவள் திரும்பப் பூசினாள். மறுபடி உடைத்தான். அவள் அழுதுகொண்டே பூசினாள். அதற்குப் பிறகு அவன் உடைக்கவில்லை, பழம் கொண்டுவந்தான்.

"யாரய்யா நீ?"

"உன் புருஷன்தான்!"

"அவருக்கு இவ்வளவு அசிங்கமான மூக்கு கிடையாது! பழத்தைக் கொடுத்துட்டுப் போ!"

முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

பக்கத்து மரத்து மலையணில் சொன்னது: "அண்ணே, காலையிலே நீங்க ஊட்டுங்க. சாயங்காலம் நான் ஊட்டறேன்."

"வேண்டாம் தம்பி! நான் ஊட்டினாத்தான் அவளுக்கு இறங்கும். மழை விட்டா தேறிடுவா!"

"முகம் வாடுதா பாருங்க! நம்பிக்கைன்னா இதுதான்!" என்று மைனாக்கள் மெச்சின. அதன்பின் முரசனால் முகம் வாடக்கூட முடியவில்லை.

மழை விட்டது. அவள் தேறவில்லை. "அத்தி பழுத்தா தேறிடுவா!" என்றான். அத்தியும் பழுத்தது.

"விஷமா வைக்கறே, திருட்டுப்பயலே!" என்று பொன்னலகி அவன் கண்ணோரம் கொத்தினாள்.

ஓடையில் ரத்தத்தைக் கழுவும்போது, 'இவள் செத்துப்போனால் தேவலை' என்று நினைத்துவிட்டான். 

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டது ஒரு மைனா.

"நல்லா இருக்கா! நானும் நல்லா இருக்கேன்!"

நினைத்த பாவத்துக்காகத் தன் பங்குப் பழத்தையும் அவளுக்கே ஊட்டினான். உடம்பு வற்றியது. இறகு கொட்டியது. ஒருநாள் காலை, அலகில் பழங்களோடு பறந்து வந்தவன், மரத்தடிப் புதரில் விழுந்தான். எழ முடியவில்லை.

மேலே பொன்னலகி கத்தினாள். "பசிக்குதே! பழம் எங்கே?"

உச்சிவெயில் வரை கத்தினாள். குரல் மெலிந்துகொண்டே வந்தது. அதற்குமேல் முரசனால் கேட்க முடியவில்லை.

"தம்பி! ஓடி வா! என்னாலே முடியல! அவ தேறமாட்டா... என்னாலே முடியல!"

அணில் ஓடிவந்தது. சிதறிய பழங்களை வாயில் அடக்கிக்கொண்டு மரமேறியது. கீறல் வழியே ஒன்றை நீட்டியது. அவள் துப்பிவிடுவாள் என்று கீழே முரசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

அவள் துப்பவில்லை. யார் நீ என்றும் கேட்கவில்லை.

"இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

முரசன் புல்லில் முகத்தைப் புதைத்து அழுதான். அணில் இறங்கிவந்து ஒரு பழத்தை அவன் பக்கம் உருட்டியது.

"நீங்க தின்னுங்க அண்ணே."

 முரசன் அதை விழுங்கினான்.

உடம்பு தேறியபின் காலையில் முரசன் ஊட்டினான். மாலையில் அணில் ஊட்டியது. பொன்னலகி கடைசிவரை அவனை அடையாளம் காணவே இல்லை.

தேறாத நோயைத் தேறிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஒற்றையாகச் சுமப்பவர் சுமையோடு சேர்ந்து தாமும் விழுவார். 'என்னால் முடியவில்லை' என்பதை விழுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.