காசிராஜன் சொன்னது

சிறுமலை அடிவாரத்தில், ஊரைவிட்டுத் தள்ளி ஓர் ஓட்டு வீடு இருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டவர்கள் அங்கே வந்து கடைசி நாட்களைக் கழித்தார்கள். அதை நடத்தியவர் சௌந்தரவல்லி. முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. நோயாளிகள் அவரை சிஸ்டர் என்றார்கள். அவரிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று வந்து தங்கிய நாலைந்து பேர் மட்டும் அம்மா என்றார்கள்.

அவர்களில் மூத்தவர் திருமாறன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அம்மா எப்போதாவது பேசுவதைத் தொகுத்து ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் அத்தியாயமே பாதியில் நின்றது. ஆனால் அம்மாவின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக முகநூலில் போட்டுவந்தார். அவற்றை ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

ஒரு நாள் காலை, அம்மா போர்வைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார்.

"அம்மா, ஒரு பக்கம்கூட எழுத முடியலை. உட்கார்ந்தா கை தானா போனுக்குப் போகுது. நெட்டை நிறுத்திப் பார்த்தேன். பீரோவுல வச்சுப் பூட்டினேன். ஆப்பை அழிச்சேன், சாயங்காலமே திரும்ப ஏத்திக்கிட்டேன். இதுலேருந்து எப்படித்தான் வெளியே வர்றது?"

அம்மா போர்வையின் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"காசிராஜன் பக்கத்துல போய் உட்காருங்க."

"உட்கார்ந்து?"

"அவர் பேசினா கேளுங்க."

"அவர்தான் பேசறதே இல்லையே?"

"அப்படின்னா சும்மா இருங்க."

காசிராஜன் லாரி ஓட்டியவர். தொண்டையில் புற்று. குரல் முக்கால்வாசி போய்விட்டது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளிடம் வருஷக்கணக்கில் பேச்சு கிடையாது. போன வாரம்தான், மகளுக்குச் சொல்லியனுப்புங்கள் என்று அம்மாவிடம் சைகையில் கேட்டிருந்தார். அவளும் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் திருமாறன் போனைத் தன் அறையிலேயே வைத்துவிட்டுப் போனார். கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிராஜன் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தார். நேரம் நகரவே இல்லை. அடுத்த நாள் போன் சட்டைப் பையில் இருந்தது. அதற்கடுத்த நாள் கையில்.

அன்று மதியம் திருமாறன் ஒரு பதிவு போட்டிருந்தார். 'இருக்கிற இடத்தில் முழுசாக இரு' என்று அம்மா யாருக்கோ சொன்னது. சோற்றைத் தின்று கைகழுவுவதற்குள் அது பரவிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் எழுதியதையும் படித்தார். சிலருக்கு நன்றி சொன்னார். ஒருவன் கிண்டல் செய்திருந்தான், அவனுக்கு என்ன பதில் போடுவதென்று யோசித்தார்.

காசிராஜன் ஏதோ சொன்னார்.

"ம்" என்றார் திருமாறன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார்.

"ம்... சொல்லுங்க" என்றார் திருமாறன். கட்டைவிரல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

பதிலை எழுதி அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார். காசிராஜனின் முகம் ஜன்னல் பக்கம் இல்லை. நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கண்ணில் ஈ உட்கார்ந்தும் இமை அசையவில்லை.

அம்மா வந்து நாடியைப் பார்த்தார். காசிராஜனின் கண்களை மூடிவிட்டார்.

"ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"என்ன?"

திருமாறன் தரையைப் பார்த்தார். அம்மா இரண்டாவது முறை கேட்கவில்லை.

"வெந்நீர் கொண்டாங்க. உடம்பைத் துடைக்கணும்" என்றார்.

மகள் செல்வராணி சாத்தூரிலிருந்து வந்து சேர இருட்டிவிட்டது. தனியாக வந்தாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. மறுநாள் காலையில் ஊர் மயானத்தில் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து குளித்து, ஈரத் தலையோடு திருமாறனிடம் வந்தாள்.

"கடைசியில நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாமே. அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

அம்மா சற்றுத் தள்ளி மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

திருமாறனுக்கு வார்த்தைகள் வந்தன. தினமும் எழுதி எழுதிப் பழகிய வார்த்தைகள், தடையில்லாமல் வந்தன.

"உங்களைத்தான் நினைச்சார்மா. கண்ணு, நீ நல்லா இருக்கணும்னு சொன்னார். மனசுல எந்தக் கோபமும் இல்லாமத்தான் போனார்."

செல்வராணி அவரையே பார்த்தாள்.

"கண்ணுன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"எங்கப்பா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லைங்க. ஏய்ம்பாரு. ரொம்பச் சந்தோஷமா இருந்தா ராணின்னுவாரு."

அவள் சண்டை போடவில்லை. அம்மாவைக் கும்பிட்டாள். பையை எடுத்துக்கொண்டு சாலையை நோக்கி நடந்தாள்.

திருமாறன் அங்கேயே நின்றார். மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னார்:

"பஸ் இன்னும் வந்திருக்காது."

திருமாறன் ஓடினார். ஐம்பதைத் தொட்ட உடம்பு. புளியமரத்தடி நிறுத்தத்துக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது.

"நான் சொன்னது பொய்ம்மா. உங்கப்பா ஏதோ சொன்னார். நான் காதுல வாங்கலை. போனைப் பார்த்துட்டு இருந்தேன்."

செல்வராணி பையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"போன்ல அப்படி என்ன பாத்தீங்க?"

"நான் ஒண்ணு எழுதியிருந்தேன். அதைப் பத்தி ஜனங்க என்ன சொல்றாங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

திருமாறன் யோசித்தார். நேற்று மதியம் அத்தனை படித்தார். சிரித்தார், கோபப்பட்டார், பதில் எழுதினார். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. கிண்டல் செய்தவனின் பெயரும் வரவில்லை.

"ஞாபகம் இல்லைம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். முதல் முறையாக அழுதாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், "கோவமாச் சொன்னாரா? அதையாவது சொல்லுங்க" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்தது.

"அதுகூடத் தெரியலை. ரெண்டு தடவை சொன்னார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"ரெண்டு தடவையா?"

"ஆமாம்."

"அவரு எதையும் ரெண்டாந்தடவை சொல்ற ஆளே இல்லைங்க" என்றாள் செல்வராணி.

பஸ் வந்தது. ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திருமாறன் வீட்டுக்கு வந்தபோது அம்மா காசிராஜனின் கட்டிலைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க ஃபினாயில் வாடை. திருமாறன் போனை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"இது இனி எனக்கு வேண்டாம்மா. உடைச்சுப் போட்டாலும் சரி."

அம்மா அதைத் தாண்டிப் போய்த் துணியைப் பிழிந்தார்.

"எடுத்து வைங்க. யாராவது மிதிச்சுடப் போறாங்க."

அவர் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அவர் என்ன சொன்னார்னு இனிமே எனக்கு எப்பவாவது தெரியுமா அம்மா?"

"தெரியாது."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அதுக்கும் தெரியாது."

வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது. யாரையோ மெதுவாக, மெதுவாக என்று சொல்லி இறக்கும் சத்தம் கேட்டது. அம்மா புது விரிப்பை உதறினார். ஒரு முனையைத் திருமாறனிடம் நீட்டினார். இருவருமாகக் கட்டிலில் விரித்தார்கள்.

"அப்ப நான் என்னதான் செய்யறது?" என்றார் திருமாறன்.

அம்மா நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்.

"இப்ப வர்றவருக்குக் குரல் இன்னும் கொஞ்சம் இருக்காம்."