உண்ணிக்கு விரித்த துணி

சடைமாயன் துறவுக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதுவரை வலை விரித்துக் காடையும் கவுதாரியும் பிடித்துச் சந்தையில் விற்றவர். குன்றின் மேலிருந்த மடத்தில் அவருக்குக் குருவாக வாய்த்த நாகமதி அம்மை, வயதில் அவரைவிடச் சிறியவர். கீழூரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் கீழூருக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

மடத்தில் ஒரே ஒரு விரதம்தான். தன் கையால் ஓர் உயிரும் போகக் கூடாது. தவறிப்போய் ஓர் எறும்பை மிதித்துவிட்டாலும், சமையற்கட்டுக்குப் போய் "இன்னைக்கு எனக்குச் சோறு வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஏன் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கிழிந்த காவித் துணியை எரிப்பதில்லை. வாசலில் இருக்கும் முட்புதரில் கட்டிவிடுவார்கள். கூடு கட்டும் பறவைகள் எடுத்துப்போகும். தன் துணி ஒரு கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அது புண்ணியம்.

வந்த புதிதில் சடைமாயன் அம்மையிடம் கேட்டார்.

"அம்மா, இனிமே என் கையால ஒரு உசுரும் போகாம இருந்துட முடியுமா?"

பேச்சுக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. கண்ணை மூடினால் கழுத்து திருகிய காடைகள்தான் அவருக்குத் தெரிந்தன. முடியும் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று நம்பித்தான் மலையேறியிருந்தார்.

அம்மை மதில் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு பருந்து இறக்கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து இலுப்பை மரத்தில் அதன் கூடு. குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஆண் பருந்து மட்டும் இரை கொண்டுவந்து போட்டுப் போட்டு ஓய்ந்துகொண்டிருந்தது.

"தாய் பறக்க மாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

சடைமாயன் பின்பக்கமாகப் போய் ஒரே அமுக்கில் பருந்தைப் பிடித்தார். பழகின கை. இறக்கையை விரித்துப் பார்த்தவருக்கு உடம்பு கூசியது. கண்ணைச் சுற்றி, காதுக் குழியில், இறக்கையின் அடியில் எல்லாம் உண்ணி. ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பியிருந்தன. பருந்தின் நாக்கு வெளுத்துப்போயிருந்தது.

"பிடுங்கினா பொழைச்சுக்கும்மா."

"பிடுங்குங்க."

"பிடுங்கினத என்ன செய்ய? நசுக்கக் கூடாது. வெறும் பாறையில விட்டா வெயில்ல செத்துடும். அதுவும் நான் கொன்னதுதானே?"

"ஆமா."

சடைமாயன் ஓர் உண்ணியை எடுத்துத் தன் முன்கையில் விட்டார். அது மயிருக்குள் அங்கும் இங்கும் அலைந்தது, கடிக்கவில்லை, கீழே விழுந்தது. இன்னொன்றை விட்டார். அதுவும் விழுந்தது.

"என் ரத்தம் வேண்டாமாம்."

அம்மை சிரித்துவிட்டார். "குடுக்கிறவர் தயாரா இருந்தாப் போதுமா? வாங்கிக்கிறதுக்கும் மனசு வேணும்ல."

"அப்ப இதுகள எங்கதான் விடுறது?"

"எங்க விட்டா சாகாதோ அங்க விடுங்க."

கேட்க அழகாகத்தான் இருந்தது.

சடைமாயன் தன் மேல்துணியில் ஒரு முழம் கிழித்தார். வெயில் சாயும்வரை உட்கார்ந்து, தோல் பிய்யாமல், கால் ஒடியாமல் உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் விட்டார். துணியை மடித்து, இலுப்பை மரத்தடியில் ஈரமும் நிழலும் உள்ள இடமாகப் பார்த்து வைத்தார். முட்புதரில் கட்டிய துணியைத்தான் பறவைகள் எடுக்கும் என்பது அவர் மனதில் பதிந்திருந்தது. இது தரையில்தானே கிடக்கிறது, கூட்டுக்குப் போகாது என்று நினைத்தார்.

சில நாளில் பருந்து தேறியது. மதிலிலிருந்து எழும்பி, மடத்தின் மேல் பெரிதாக ஒரு வட்டம் அடித்தது. சடைமாயன் முற்றத்தில் நின்று குழந்தைபோல் கைதட்டினார். மடத்துக்கு வந்த பிறகு அவர் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டதும் நன்றாகத் தூங்கியதும் அப்போதுதான். மரத்தடியில் துணியைக் காணவில்லை என்பது கண்ணில் பட்டது. காற்று கொண்டுபோயிருக்கும், உண்ணிகள் வேறு எங்காவது பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

பிறகு குஞ்சுகளின் சத்தம் குறைந்தது. ஒரு காலையில் சுத்தமாக நின்றுபோனது.

மரத்தடியில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. சடைமாயன் கையில் எடுத்தார். கனமே இல்லை. கண்ணைச் சுற்றி ஆமணக்கு விதைகள்.

மூங்கில் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினார். கூட்டில் இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அவற்றின் அடியில், குழிவாக, பதமாக விரித்திருந்தது அவருடைய காவித்துணி. துணி எதில் கட்டியிருக்க வேண்டும் என்ற மடத்து வழக்கத்தைப் பருந்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இறங்கி வந்து அம்மையின் முன்னால் நின்றார்.

"மூணும் போச்சும்மா. என் துணிதான்."

அம்மை கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு எனக்குச் சோறு வேண்டாம்னு சொல்லிட்டு வரேன்."

"அது கையால கொன்னவங்களுக்கு. நீங்க எதையும் கொல்லலையே. உங்க விரதம் கெடல. போய்ச் சாப்பிடுங்க."

அவர் கோபத்தில் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று சடைமாயனுக்குப் புரியவில்லை. போய் இலையின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கவளம் உருட்டினார். அது தொண்டைக்குள் இறங்கவில்லை. காடை பிடித்துத் திரிந்த நாளில்கூட அவருக்குச் சோறு இறங்காமல் போனதில்லை.

மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. ஒரு நாள் காலையில் தாய்ப் பருந்து அலகில் ஒரு சுள்ளியோடு வந்தது. அதே மரம், அதே கூடு. கொஞ்ச நேரத்தில் ஆண் பருந்தும் ஒரு சுள்ளி கொண்டுவந்தது.

சடைமாயன் அம்மையிடம் ஓடினார்.

"திரும்பவும் அதே கூட்டுலதாம்மா முட்டை வைக்கப் போகுது. சுள்ளிக்குச் சுள்ளி உண்ணி ஏறிக் கெடக்கு."

"ம்."

"கூட்டோட எடுத்துட்டுப் போய் மலைக்கு அந்தப் பக்கம் வச்சுட்டா?"

"அந்தப் பக்கம் பறவை இல்லையா?"

சடைமாயன் முற்றத்தில் அப்படியே குந்திவிட்டார். இலுப்பை மரத்தில் பருந்துகள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன. பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"எரிச்சா அத்தனை உண்ணியும் போகும். எரிக்கலைன்னா குஞ்சு போகும். எப்படிப் பார்த்தாலும் நான்தாம்மா. இதுக்கா அந்த வலையை அறுத்துப் போட்டுட்டு வந்தேன்? நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியல."

"உங்களுக்குமா தெரியல?"

"தெரிஞ்சிருந்தா, எங்க விட்டா சாகாதோ அங்க விடுங்கன்னு அன்னைக்குச் சொல்லியிருப்பேனா?"

சடைமாயன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மை அவரைத் தேற்றவில்லை. எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் அடுப்புக் கொள்ளி ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

"முட்டை வைக்கிறதுக்குள்ள கூட்டை இறக்கிடணும். எழுந்திரிங்க. ஏணியை நான் பிடிச்சுக்கிறேன்."

சடைமாயன் கொள்ளியைப் பார்த்தார், அம்மையைப் பார்த்தார்.

"வந்த புதுசுல, என் கையால ஒரு உசுரும் போகாம இருந்துட முடியுமான்னு கேட்டேனே. நீங்க பதிலே சொல்லலையே."

"சமையற்கட்டுல சொல்லிட்டுத்தான் வரேன். இன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சோறு வைக்க வேண்டாம்னு."