தலைவர் கார் நின்ன இடம்

எங்க தெரு பேஸ்கட்பால் கோர்ட்ட ஜனங்களும் ஸ்டேட் பிளேயர் ரெஜினாவும் சேந்து புதுப்பிச்சாங்க. பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. ஆனா கோர்ட் நடுவுல கவுன்சிலர் தணிகாசலத்தோட கார். வருஷக்கணக்கா அதுக்கு அதான் ஷெட்டு.

"வண்டிய கொஞ்சம் எடுங்க தலைவரே"ன்னான் பெயிண்டர் சகாயம்.

"என் வண்டி ஒரு இஞ்ச் நகராது. சுத்தி அடிச்சிக்கடா."

"சரிங்க தலைவரே."

சுத்தி அடிச்சான். காருக்கு நாலு பக்கமும் ஈரப் பெயிண்ட்.

சாயங்காலம் தலைவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி வந்தார். "டேய், வண்டிய எப்படிடா எடுக்கறது?"

"தாராளமா ஓட்டுங்க தலைவரே. டயர் தடம் பதியும், அவ்ளோதான். எலக்சன் வரைக்கும் தெருவே பாக்கும். இல்லன்னா மூணு நாள் காயட்டும்."

தலைவர் ஷேர் ஆட்டோல போனார்.

நாலாம் நாள் வந்து கார எடுத்தார். பின் சக்கரம் நகந்ததுதான் தாமதம், சகாயம் பெயிண்ட் படாம கிடந்த அந்த இடத்துல ஈர பிரஷ்ஷ வச்சுட்டான்.