ஓணானைக் கேட்காத வெயில் திட்டம்

சுனையடிக் காட்டின் பெரிய வாகை மரத்தில் ஓர் ஓணான் குடியிருந்தது. அந்த மரத்துக்குத்தான் இப்போது ஆபத்து!

மார்கழி பிறந்தால் அங்கே பனி கொட்டும். குஞ்சும் குட்டியும் வெடவெடவென்று நடுங்கும். அதற்காகக் கரடி ஒரு நெருப்புக் குழி வைத்திருந்தது. யானை மரத்தைச் சாய்க்கும், கரடி எரிக்கும். நாலே மார்கழியில் பாதிக் காடு சாம்பலாகிவிட்டது. புகையில் மான்குட்டிகளுக்கு ஓயாத இருமல். அடுத்துச் சாய வேண்டியது வாகைதான்.

"இனி விறகு வேண்டாம்!" என்று சிங்கராஜா உத்தரவு போட்டது. "கல்லைப் பகலில் வெயிலில் காயவைப்போம். சாயங்காலம் சூட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஆந்தையாரே, இது உங்கள் பொறுப்பு!"

ஓணானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மந்திரி ஆந்தையார் மகா கெட்டிக்காரர். ஒரே ஒரு குறைதான். பகல் முழுக்கத் தூங்குகிறவர், வெயிலைப் பார்த்ததே இல்லை! நிலா வெளிச்சம் அழகாக விழும் வடக்குப் பள்ளத்தைப் பார்த்தார். வெயிலும் அங்கேதான் விழும் என்று முடிவு கட்டிவிட்டார்.

"கல்லை வடக்குப் பள்ளத்தில் காயவைப்போம். எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று சபையில் கேட்டார்.

ஓணான் பதறியது. வாயைத் திறப்பதற்குள் தலை ஆடிவிட்டது. ஓணானுக்குத் தலை தானாக ஆடும், அது என்ன செய்யும், பாவம்!

"பார்த்தீர்களா! பொதுமக்களே தலையாட்டிவிட்டார்கள்!" என்றார் ஆந்தையார். சபை கலைந்தது.

மார்கழி வந்தது. வடக்குப் பள்ளத்தில் வெயில் விழாமல் மலை மறைத்தது. அங்கே குவித்த கற்கள் சாயங்காலமும் சில்லென்றே கிடந்தன.

"வெயிலாவது, கல்லாவது! வாகையைச் சாய்ச்சு எரிங்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். யானை வந்து மரத்தைத் தும்பிக்கையால் வளைத்தது.

ஓணான் கிடுகிடுவென்று இறங்கி அதன் காலடியில் நின்றது. "யானையண்ணே, நில்லுங்க! கல்லை வெச்ச இடம்தான் தப்பு!"

"நீதானே அன்னைக்குத் தலையாட்டினே?"

"தலை ஆடுச்சு. என் வாயை யாரு கேட்டா? ஒரே ஒரு பகல் கொடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கல்லு சுடலேன்னா மரத்தை எடுத்துக்குங்க!"

"உனக்கு என்னடா தெரியும்?" என்று கரடி உறுமியது.

"வெயில் தெரியும்! நாள் பூரா வெயில்ல காயறேன்னு என்னைச் சோம்பேறின்னு சொன்னீங்களே, அந்தச் சோம்பேறிக்குத்தான் இந்தக் காட்டு வெயில் தெரியும்!"

யானை தும்பிக்கையைத் தளர்த்தியது.

விடிந்ததும் ஓணான் வீடு வீடாக ஓடியது. "எருமையக்கா, காலையில எங்க படுப்பீங்க?"

"கிழக்குக் கரையில. முதுகு சுள்ளுன்னு ஆனாத்தான் தண்ணியில இறங்குவேன்."

"ஆமையண்ணே, உச்சி வெயிலுக்கு?"

"இந்த மரக்கட்டை மேலதான். முப்பது வருஷமா இடத்தை மாத்தலே!"

புற்றுக்குப் பின்னால் மேற்கு வெயில் எத்தனை நேரம் நிற்கும் என்று பாம்பு சொன்னது. "என்கிட்ட இதுவரைக்கும் யாருமே எதுவும் கேட்டதில்லப்பா!" என்றது.

அவரவர் கல்லை அவரவர் இடத்துக்கு உருட்டினார்கள். வெயில் நகர நகரக் கல்லையும் நகர்த்தினார்கள். முயல்கள்கூடச் சும்மா இருக்கவில்லை. யாரும் யாரையும் ஏவவில்லை.

சாயங்காலம் யானை ஒரு கல்லைத் தொட்டது. "ஐயோ, சுடுதே!" என்று தும்பிக்கையை இழுத்துக்கொண்டது.

"அது என் கல்லு!" என்று அணில் துள்ளியது.

"இது எங்க கரை வெயிலாக்கும்!" என்று எருமை நெஞ்சை நிமிர்த்தியது.

அன்று புகையே இல்லை. குட்டிகள் இருமாமல் தூங்கின. யானை வாகையின் அடியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனது. ஓணானுக்குப் பெருமையில் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது!

மறுநாள் நட்டநடுப் பகலில் ஆந்தையார் வாகை மரத்துக்கு வந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தப்பு என்னுடையதுதான் ஓணானே! ஒவ்வொருவர் இடத்தையும் எனக்குக் காட்டுகிறாயா?"

"பாத்து வாங்க மந்திரியாரே! இன்னும் பதினாலு பேரைக் கேக்கணும்!" என்று சொல்லி ஓணான் முன்னால் நடந்தது.

யாருக்காக ஒரு மாற்றமோ, அவர்களையே கேட்டு, அவர்கள் கையாலேயே செய்தால்தான் அது நிலைக்கும்.