மூத்தவனின் மஜ்ஜை

“மேடம், மூணு தடவை பார்த்துட்டேன். இருக்கு” என்றாள் சண்பகம்.

“ஒரு தடவை போதுமே. எதுக்கு மூணு?”

“இல்லைன்னு வந்துடாதான்னுதான்.”

ரெஜினா அறிக்கையை வாங்கிப் பார்த்தார். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் சண்பகத்துக்கு வேலை கற்றுத் தருபவர் அவர்தான்.

சந்துரு என்ற சிறுவனுக்கு ரத்தப் புற்றுநோய். அண்ணன் மாதேஷின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். புற்றுநோய் அடங்கியது. ஆனால் எங்கிருந்தோ ஒரு வைரஸ் வந்து நுரையீரலில் இறங்கியது. பிள்ளை போய்விட்டான்.

ஏற்றியது போக மிஞ்சிய மஜ்ஜை உறையவைத்த குழாயில் இருந்தது. அதைத்தான் சண்பகம் சோதித்தாள். அதே வைரஸ், செல்லுக்குள் சத்தமில்லாமல் உறங்கிக் கிடந்தது.

“அவங்க அம்மா வெளியில உட்கார்ந்திருக்காங்க. நான் என்ன மேடம் சொல்ல?”

“முதல்ல உள்ளே கூப்பிடு.”

மாதம்மாள் வந்தாள். ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்டார் ரெஜினா.

“பெரியவன்தான் டாக்டரம்மா. வராந்தாவுல இருக்கான், உள்ள வரமாட்டேங்கறான். சோறு வெச்சா பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கான். என்னாலயாம்மா, என்னாலயாம்மான்னு கேக்கறான். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவனையாவது நான் காப்பாத்திக்கணும்.”

சண்பகம் ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா தரையைப் பார்த்தார்.

“அவர் மஜ்ஜையில அந்த வைரஸ் இருந்துச்சும்மா” என்றாள் சண்பகம். “ஆனா அது அவர் தப்பில்லை. நம்மள்ல நிறையப் பேர் உடம்புல இது தூங்கிக்கிட்டுதான் இருக்கு. ஒண்ணும் பண்ணாது. தம்பி உடம்புல அப்போ எதிர்ப்புச் சக்தியே இல்லை. வேற யாரோட மஜ்ஜையும் பொருந்தவும் இல்லையே.”

மாதம்மாள் அழவில்லை. “பெரியவனுக்கு எப்படி வந்துச்சு?”

“பெரும்பாலும் கைக்குழந்தையா இருக்கும்போது. தாய்ப்பால் வழியா.”

சொன்ன பிறகுதான் சண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மூணு வயசு வரைக்கும் குடிச்சான்” என்றாள் மாதம்மாள். “பள்ளிக்கூடம் போற வயசுல இன்னுமா பாலுன்னு தெருவே கேலி பண்ணுச்சு. சின்னவன் பொறந்தப்ப எனக்கு உடம்பு முடியல. புட்டிப்பால்தான். அவனுக்குக் கொடுக்காம விட்டுட்டேனேன்னு இத்தனை நாளா அழுதேன்.”

“பாலால ஒரு கெடுதலும் இல்லம்மா” என்றார் ரெஜினா.

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பேச்சு கேட்டது.

“டேய் மாதேசு, எந்திரி. உன்னால இல்லையாம்டா. எம் பால்லதான் இருந்துச்சாம். டாக்டரம்மா மிஷின்ல பார்த்துட்டாங்க.”

பெஞ்சு கிறீச்சிட்டது.

பிறகு, வளர்ந்த பிள்ளை ஒருவன் வாய்விட்டு அழும் சத்தம். “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்றாள் தாய். “வா, கேன்டீன்ல ஏதாவது சாப்பிடலாம்.”

“பசிக்குதும்மா” என்றான் அவன்.

சண்பகம் பதறி எழுந்தாள்.

“மேடம், அந்தம்மாவை நாம சோதிக்கவே இல்லையே! மாதேஷுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பாவம், தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறாங்க. நான் ஓடிப்போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லு” என்றார் ரெஜினா. “ரெண்டு பேர்ல யார்கிட்ட?”