இருநூற்றுப் பன்னிரண்டு ஜிபி

ரிச்சி தெருவில் ஒரு குரு இருந்தார். பெயர் பெர்னதெத். வயது முப்பத்தெட்டு. வீடு ராயபுரம். இந்தத் தெருவில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், அலுவலகங்கள் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்து, உயிரோடு இருந்த பாகங்களைச் சேர்த்து வேறு கம்ப்யூட்டர்கள் செய்துவந்தார். குரு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தெருவுக்கு அவர் பெர்னாக்கா.

சீடர் தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. சீடர் குருவைவிட மூத்தவராக இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை சொல்லத் தகப்பன் கைகட்டிக் கேட்டதற்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. பதினான்கு வயது ஒரு பொருட்டல்ல.

தணிகாசலம் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். எஞ்சினுக்குள் போகும் வளையங்களை அளந்து, மயிரிழை பிசகினாலும் தள்ளுபடி செய்வது அவர் வேலை. இருபத்தாறு ஆண்டுகளாகத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தார். வேளச்சேரியில் தனியாக இருந்தார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் பறக்கும் ரயிலில் வந்து சிந்தாதிரிப்பேட்டையில் இறங்குவார். அக்குளில் ஒரு நீள நோட்டு இருக்கும். கீழே வயர் விற்கும் அஸ்லம் பாய் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"பெர்னாக்கா! நோட்டு வருது! பின்னாடியே சாரும் வர்றாரு!"

மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, தணிகாசலம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மேடம், வீட்டுல ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வைக்கணும். படமெல்லாம் அதுல இருக்கணும். வெளியில இருக்கிறவங்களும் அவங்க இடத்துலேர்ந்தே திறந்து பார்க்கணும். பட்ஜெட் கம்மி. எந்த மெஷின் வாங்கலாம்?"

முதல் மாதம் பெர்னதெத் ஒரு மெஷினைச் சொன்னார். அடுத்த மாதம் தணிகாசலம் அது ஏன் ஆகாது என்று எழுதிக்கொண்டு வந்தார். ஃபேன் சத்தம். இன்னொன்றைச் சொன்னார். அது மின்சாரம் அதிகம் குடிக்கும். மூன்றாவதில் டிஸ்க் வைக்க இரண்டு இடம்தான். நான்காவதற்குப் பிறகு பெர்னதெத் மெஷின் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டு டீ சொல்ல ஆரம்பித்தார். இப்படி இரண்டு ஆண்டுகள்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை தணிகாசலம் நோட்டைப் பிரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. முப்பத்தேழு மெஷின்கள். கடைசிக் கட்டத்தில் முப்பத்தேழுக்கும் சிவப்பு மையில் ஒரே சொல்: தள்ளுபடி.

"தன் தப்பைத் தானே திருத்திக்கிற ராம் ஒண்ணு இருக்காமே மேடம். அதுவும் வேணும்."

"மெஷினுக்குத்தானே?" என்றார் பெர்னதெத்.

தணிகாசலம் குறித்துக்கொண்டார்.

பெர்னதெத் அன்றைக்கு முதல்முறையாகத் திருப்பிக் கேட்டார்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க சார்?"

"பணமா?"

"படம்."

"இருநூத்திப் பன்னெண்டு ஜிபி."

"எவ்வளவு இடம் வேணும்?"

"பதினாறு டெரா."

ஒரு சூட்கேஸ் துணியை வைக்கக் கல்யாண மண்டபம் வாடகைக்குக் கேட்டவரைப் பார்ப்பதுபோல் பெர்னதெத் அவரைப் பார்த்தார்.

"யாரோட படம்?"

"என் பொண்ணு தாரணி. எல்லாம் வீடியோ. பிறந்ததுலேர்ந்து ஒன்பது வயசு வரைக்கும்."

"இப்ப என்ன வயசு?"

"பத்தொன்பது. பெரம்பூர்ல இருக்கா. அவ அம்மாவோட."

"நீங்க?"

"நாங்க பிரிஞ்சு பத்து வருஷம் ஆச்சு."

பெர்னதெத் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"வீடியோ இப்ப எதுல இருக்கு?"

"பழைய கம்ப்யூட்டர்ல."

"வேற?"

"வேற எதுலயும் இல்லை. அதனாலதானே நல்ல மெஷினா பார்த்துக்கிட்டு..."

"போய் அந்த டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டு வாங்க."

"இன்னைக்கா?"

"டிஸ்க்குக்கு உங்க நோட்டைப் பத்தித் தெரியாது சார்."

தணிகாசலம் போனார். இரண்டரை மணி நேரத்தில் திரும்பினார். எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் கைக்குட்டை விரித்து, அதன்மேல் டிஸ்க்கை வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெர்னதெத் அதற்கு மின்சாரம் கொடுத்துக் காதருகே பிடித்தார்.

டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டக்.

"இந்தச் சத்தம் எத்தனை நாளா?"

"போன தீபாவளிலேர்ந்து."

"இது சாகுற சத்தம்."

தணிகாசலம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பெர்னதெத் அந்த டிஸ்க்கை ஒரு சிறிய மின்விசிறிக்கு முன்னால் கிடத்தி, வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கத் தொடங்கினார். திரையில் எண்கள் ஒரு ஜிபிக்கு ஒன்றாக ஏறின. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் தணிகாசலத்தின் உதடு அசைந்தது.

"வெளியிலேர்ந்து திறந்து பார்க்கணும்னீங்களே. யாரு? பொண்ணா?"

"ஆமா."

"கேட்டாளா?"

"அவ கேக்கலை. பிரிஞ்சப்போ அவ அம்மா கேட்டா. கோமதி. ஒரு காப்பி போட்டுக் குடுத்துடுங்கன்னா. முறையா ஒரு ஏற்பாடு பண்ணித் தரேன்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு தடவை கேட்டா."

"அப்புறம்?"

"விட்டுட்டா."

கீழே அஸ்லம் பாய் யாரிடமோ பேரம் பேசும் சத்தம் கேட்டது. எண் தொண்ணூறைத் தாண்டியது.

"ஒரு காப்பிதானே சார். ஒரு மத்தியான வேலை."

தணிகாசலம் நோட்டை மூடினார். கொஞ்ச நேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டிங்கள்ல முன்னாடி ஒரு பச்சை விளக்கு இருக்கும், பார்த்திருப்பீங்க. யாராவது அதுலேர்ந்து எதையாவது திறந்தா மினுக்கும்."

"மினுக்கும்."

"தாரணி பெரம்பூர்ல உக்காந்து ஒரு வீடியோ திறந்தா, வேளச்சேரியில என் வீட்டுல மினுக்கும்."

பெர்னதெத் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"காப்பியைக் கையில குடுத்துட்டா அங்கேயே பார்த்துப்பாங்க. எனக்குத் தெரியாது. அவ பிறந்த நாளைக்கு நான் போன் பண்ணுவேன். நல்லா இருக்கேன்ப்பான்னு சொல்லுவா. நானும் நல்லா இருக்கேம்பேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் வராது. விளக்கு மட்டும் இருந்தா..."

நூற்று நாற்பத்தேழில் எண் நின்றது. டக். டக். டக்.

பெர்னதெத் கையைக் காட்டி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். டிஸ்க்கை நிறுத்தி ஆறவிட்டார். மறுபடி ஓட்டினார். கவிழ்த்துப்போட்டு ஓட்டினார். அரை மணி நேரம் போயிற்று. பிறகு நூற்று நாற்பத்தேழைத் தாண்டி நூற்று நாற்பத்தெட்டைத் தொட்டார். எண்கள் மறுபடி ஏறின.

"அது ஒண்ணு போச்சு சார்."

"அதுல என்ன?"

"உங்களுக்குத்தான் தெரியணும்."



"தெரியலை மேடம். நான் அதிகமா எடுத்ததில்லை. கேமரா எப்பவும் கோமதி கையிலதான் இருக்கும். நான் படத்துக்குள்ள இருப்பேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு நகல் முடிந்தது. திரையில் கூட்டுத்தொகை வந்தது. இருநூற்றுப் பதினொன்று. அளந்தே பழகிய மனிதர் அந்த எண்ணை மூன்று முறை படித்தார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் எத்தனையோ வளையங்களைத் தள்ளியிருக்கிறார். குறைந்துபோனதைக் கையில் வாங்கிக்கொள்வது அவருக்குப் புதிது.

பெர்னதெத் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை இழுத்தார். தூசி தட்டினார். மூடியைக் கழற்றி உள்ளே ஒரு டிஸ்க்கை மாட்டி, படங்களை அதில் இறக்கத் தொடங்கினார்.

"இதுவா மேடம்? இது நோட்டுல பதினாலாவது. தள்ளுபடி."

"எதுக்குத் தள்ளினீங்க?"

"ராம் சாதாரண ராம். ரெண்டு டெராவுக்கு மேல ஒரே டிஸ்க்கா போட்டா இதுல ஓடாதுன்னு நெட்டுல போட்டிருந்தான். அப்புறம், உள்ள ரெண்டு டிஸ்க் சேர்ந்து ஓடணும் மேடம். ஒண்ணுல எழுதினது அப்படியே இன்னொண்ணுலயும் விழணும். கண்ணாடி மாதிரி."

"கோட்டூர்புரத்துல ஒரு போட்டோகிராஃபர் இருந்தாரு" என்றார் பெர்னதெத். "கல்யாணப் படமெல்லாம் எடுப்பாரு. நீங்க சொல்ற மாதிரியே கண்ணாடி பெட்டி. ரெண்டு டிஸ்க். நல்ல ராம். வெள்ளம் வந்த வருஷம் ஏரியைத் திறந்துவிட்டாங்க இல்ல? பெட்டியைத் தலையில வச்சுத் தூக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. திறந்தேன். உள்ளேர்ந்து ஒரு சின்ன மீன் விழுந்துச்சு."

"டிஸ்க்?"

"ரெண்டும் ஒரே மாதிரி செத்திருந்துச்சு. கண்ணாடி மாதிரி."

தணிகாசலம் நோட்டைத் திறக்கவில்லை.

"அப்ப ரெண்டாவது டிஸ்க்?"

பெர்னதெத் பகலில் நகலெடுத்த டிஸ்க்கை ஒரு கறுப்பு உறைக்குள் போட்டு மூடினார். உறையில் ஒரு வயர் தொங்கியது.

"இது. எந்தக் கம்ப்யூட்டர்ல செருகினாலும் படம் தெரியும். இது வேற வீட்டுல இருக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டு வந்து, ரெண்டையும் சரிபார்த்து, மறுபடி கொண்டுபோய் வைக்கணும். அங்கேயே போட்டுவச்சா இதுவும் ஒருநாள் டக்குன்னு சொல்லும். கேக்க ஆள் இருக்காது."

"கம்பெனியில என் லாக்கர்ல வைக்கலாமா?"

"வைக்கலாம்."

"பேங்க்ல?"

"வைக்கலாம்."

"உங்க கடையில?"

"வைக்கலாம் சார். இங்க முந்நூறு டிஸ்க் இருக்கு. இதோட முந்நூத்தி ஒண்ணு."

தணிகாசலம் டிபன் பாக்ஸைப் பார்த்தார். கைக்குட்டையின் ஓரத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பெரம்பூருக்குக் கூரியர்ல அனுப்பலாமா?"

"டிஸ்க்கைக் கூரியர்ல அனுப்பக் கூடாது. தூக்கிப் போடுவாங்க. மடியில வச்சு எடுத்துட்டுப் போகணும்."

"யாரு எடுத்துட்டுப் போறது?"

பெர்னதெத் கறுப்பு உறையை டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடி, இரண்டு பக்கமும் கொக்கியைப் போட்டார்.

"சென்ட்ரல்ல ஏறினா மூணாவது ஸ்டேஷன்தான்" என்றார் தணிகாசலம், யாரும் கேட்காமலே. "பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர்."

"ம்."

"பத்து வருஷம் கழிச்சு திடீர்னு போய் நின்னா... என்னன்னு சொல்றது மேடம்?"

"நூத்தி நாப்பத்தேழுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க."

தணிகாசலம் எழுந்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். நோட்டை எடுக்க மறந்தார், அல்லது மறந்ததாக நாம் வைத்துக்கொள்ளலாம். பெட்டியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். படி வரை போனவர் திரும்பினார்.

"அந்த விளக்கு மேடம்?"

"எந்த விளக்கு?"

"டிஸ்க் அங்க இருந்தா அங்கேயே பார்ப்பாங்க. என் வீட்டுல மினுக்காதே. அவ பார்த்தாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெர்னதெத் அடுத்த கம்ப்யூட்டரின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"இப்ப இருநூத்திப் பதினொண்ணு போகுது. அடுத்த மாசம் திரும்பி வரும்போது அளந்து பாருங்க சார். அவங்க ஏதாவது போட்டுக் கூடியிருந்தா வந்து சொல்லுங்க. அப்ப பெரிய மெஷினா வாங்கலாம்."