பால் கவரின் மூலை

"நான் செஞ்சது தப்புங்களாம்மா?"

கேட்டவர் குழந்தைவேலு. நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

கேட்ட இடம் கூகைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மடத்துக்குத் தலைவி பவளாயி அம்மா. குழந்தைவேலுவைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

அம்மா தலை நிமிரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பால் கவர் அலசிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் பௌர்ணமி. மடத்தை ஒட்டிய கோயிலில் பாலாபிஷேகம். ஊர் ஊராக ஜனங்கள் வந்து, ஆளுக்கு இரண்டு மூன்று பாக்கெட்டை வெட்டி ஊற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பால் சாமிக்கு. கவர் அம்மாவுக்கு. அம்மா அதைக் கழுவி, கம்பியில் துணி மாதிரி காயப்போட்டு, மூட்டை கட்டி வைப்பார். மறுசுழற்சி ஆலையிலிருந்து வண்டி வந்து எடுத்துப் போகும். பால் நாற்றம் அடிக்கிற கவரை ஆலைக்காரர்கள் தொட மாட்டார்கள்.

மடம் என்றதும் மந்திரம் கிடைக்கும், விபூதி கிடைக்கும் என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களும் கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக் கவர் அலசிக்கொண்டிருப்பார்கள்.

"உக்காருங்கய்யா. என்ன செஞ்சீங்க?"

குழந்தைவேலு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, அந்த ஊரில் அரசாணையை வரிக்கு வரி படித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் மேலிடத்துக்குக் காட்ட நாலு கடை வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். குழந்தைவேலு அப்படிப்பட்டவர் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பசுவின் வயிற்றைக் கிழித்து வாளி வாளியாகக் கேரிபேக் எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் மனசார இறங்கி வேலை செய்தார். பூக்கடை, கறிக்கடை, ஓட்டல், தள்ளுவண்டி என்று ஒன்றையும் விடவில்லை. கவரின் கனத்தை அளக்கும் கருவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மொத்த வியாபாரக் கடை. கேரிபேக், பிளாஸ்டிக் டம்ளர், பந்தி விரிப்பு எல்லாம் அங்கிருந்துதான் ஊருக்கே போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் பேர் நல்லசிவம். குழந்தைவேலுவின் கூடப்பிறந்த தம்பி.

முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை அபராதம். மூன்றாம் தடவை கடைக்குச் சீல். அண்ணனே நின்று, அண்ணனே பூட்டி, அண்ணனே கையெழுத்துப் போட்டார்.

"தம்பிங்கறதுக்காக விட்டிருந்தா, மத்த கடைக்காரங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறதுங்க?"

"சரிதானுங்களே," என்றார் அம்மா.

குழந்தைவேலு இதை எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் வாதத்தைத் தயார் செய்துகொண்டு வந்தவர் அவர். எதிர்வாதம் இல்லாமல் போனதில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"தம்பி இப்ப என்ன பண்றாருங்க?"

பாக்குமட்டைத் தட்டும் துணிப்பையும் விற்கிறான், முன்னைவிட வியாபாரம் நன்றாகவே நடக்கிறது என்றார். சொல்லும்போது குரலில் பெருமை ஏறிவிட்டது. அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"அப்பறம் என்னங்க?"

அவர் மென்று விழுங்கினார்.

நாளைக் காலையில் தம்பி மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. வீட்டுக்கு வரவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு, தபாலில் வந்தது. உறையின் மேல் 'சுகாதார ஆய்வாளர் அவர்கள்' என்று எழுதியிருந்தது. பேர் கிடையாது. தாலுகா ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அனுப்புகிற மாதிரி அவருக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே பெண்ணின் பெரியப்பா என்று அவர் பேர் அச்சாகியிருக்க வேண்டும். அந்த வரியே இல்லை.

தேன்மொழிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அவருக்குப் பிள்ளை கிடையாது. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் கழுவ வேண்டியிருக்கிறது. கடைவீதியில் அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுபோகும். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு அந்த நிமிஷமே அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது தன் குரலே தனக்கு யாருடையதோ மாதிரி கேட்கிறது என்றார். இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு நான் போறதா, வேண்டாமா? அது ஒண்ணைச் சொல்லுங்கம்மா. போதும்."

அம்மா கையை உதறிவிட்டு, கழுவின கவர்களைக் கம்பியில் மாட்டினார்.

"சீல் வெச்சதுக்கப்பறம் தம்பி உங்க வீட்டுப் பக்கம் வரவே இல்லீங்களா?"

"வந்தானுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தான். மனைவி இறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் தம்பி வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசியில் குழம்பு வரும். தம்பி பொண்டாட்டி கைப்பக்குவம். கடைப் பையன் யாராவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். அந்த வாரம் கடையும் இல்லை, பையனும் இல்லை. தம்பியே எடுத்துக்கொண்டு வந்தான்.

குழந்தைவேலு அவனை வாசலிலேயே நிறுத்தினார். நடவடிக்கைக்கு ஆளானவரிடமிருந்து அரசு ஊழியர் எந்தப் பொருளும் வாங்கக் கூடாது என்று சொன்னார். அக்கம்பக்கத்தில் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். இனிமேல் இந்த வாசப்படி ஏற வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

தம்பி எதிர்த்துப் பேசவில்லை. போசியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். அதற்கப்புறம் வரவேயில்லை.

இதை ஒரு மெடல் மாதிரி எடுத்துக் காட்டினார் குழந்தைவேலு. கை சுத்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அம்மா கேட்டார்.

"அன்னைக்கு என்ன கொழம்புங்க?"

"திறந்து பாக்கலீங்கம்மா."

அம்மா உள்ளே போய் ஒரு அலுமினியத் தட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அபிஷேகப் பால் போகிற வாய்க்காலில் கவர் மூலைகள் கிடக்கும், பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"நானுங்களா?"

"கவர் மூட்டையில வந்துருதுங்க. மூலைதான் வர மாட்டேங்குது. ஆடு மேயற எடம் அது."

அவர் போனார்.

கோயிலுக்குப் பின்னால் கல் வாய்க்கால். பாக்கெட்டைக் கத்தரியாலும் பிளேடாலும் பல்லாலும் வெட்டி எறிந்த மூலைகள் அதில் கிடந்தன. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. குனிந்தால் நாலு தெரிந்தது. மண்டியிட்டதும்தான் வாய்க்கால் நெடுக அதுவாகவே இருப்பது தெரிந்தது. புளித்த பாலோடு கல்லில் ஒட்டிக்கொண்டு, எடுக்கப் போனால் வழுக்கிக்கொண்டு போனது. சிலதை நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் குப்பையைப் பற்றி நோட்டீஸ் எழுதியவர். குப்பையைக் கையால் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

முட்டி வலித்தது. வெயில் முதுகில் ஏறியது. பொறுக்கிக்கொண்டே இருக்கும்போது அரசாணையின் கடைசிப் பக்கங்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. வெளியே போய்விட்டதைத் தேடி எடுப்பது, திரும்பப் பெறுவது, மறுபடி ஒரு பொருளாக ஆக்குவது எல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தன. அதையும் வரிக்கு வரி படித்தவர்தான். ஆனால் தடைக்கு ரசீதுப் புத்தகம் இருந்தது, சீல் இருந்தது, ஜீப் இருந்தது. அந்தக் கடைசிப் பக்கங்களுக்கு ஆபீசில் யாரும் ஒரு காகிதம்கூட அச்சடிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

உச்சி வேளைக்கு ஒரு தட்டு நிறைந்தது. வாய்க்காலில் பாதிகூடத் தீரவில்லை.

திரும்பி வந்தவர் கோபமாக இருந்தார். ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை, இதற்கும் ஒரு அபராதம் போட்டால்தான் சரிப்படும் என்று பொரிந்து தள்ளினார்.

"வெட்டுனதே தப்புங்களா?" என்று கேட்டார் அம்மா.

"வெட்டாம பால் எப்படிங்கம்மா வரும்?"

"ஆமாங்க, வராது."

அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு பால் பாக்கெட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்தார். மூலையில் கத்தரியை வைத்து வெட்டினார். முழுக்க வெட்டவில்லை. கடைசியில் ஒரு நூல் அளவு விட்டுவிட்டார். மூலை துண்டாகி விழாமல் கவரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்றினார். பால் தாராளமாக வந்தது. கடைசிச் சொட்டு வரை பிழிந்தார். கவரை அலசி, தொங்கும் மூலையோடு கம்பியில் மாட்டினார்.

"பால் பூரா வந்துருச்சுங்களாய்யா?"

"வந்துருச்சுங்க."

அம்மா டீத்தூள் போடத் திரும்பிவிட்டார்.

குழந்தைவேலு கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் கவர் ஆடியது. மூலையும் கூடவே ஆடியது. சாதாரணக் காற்றுதான். ஆனாலும் அந்தத் துண்டு எங்கேயும் போகவில்லை.

"அப்போ அந்த ஞாயித்துக்கெழமை…" என்று ஆரம்பித்தார். கையில் போசியோடு வாசலில் நின்ற தம்பியின் முகம் இப்போதுதான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது. அந்த முகத்தில் கோபமே இருந்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் அதைப் பார்க்கவில்லை.

அம்மா டீயை நீட்டிவிட்டு உட்கார்ந்தார். குழந்தைவேலுவும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க டீ குடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தட்டிலிருந்து ஒரு மூலையை எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெட்டி விழுந்ததை இனி ஒட்ட முடியாதுங்களேம்மா?"

"முடியாதுங்க."

"அப்போ நான் பொறுக்கினது எல்லாம் வீணா?"

"வீணில்லீங்க. கவர் மூட்டையிலயே போட்டு அனுப்பிருவோம். ஆலையில எல்லாத்தையும் ஒண்ணா உருக்கிருவாங்க. அப்பறம் கவரு எது, மூலை எதுன்னு அவுங்களுக்கே தெரியாது."

குழந்தைவேலு டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த பழைய ஆபீசர் அவ்வளவு லேசில் விடுகிறவராக இல்லை.

பெரியப்பாவை அழைக்க வேண்டிய முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடி வர வேண்டாமா? தபால்காரர் கொடுத்த பத்திரிகையை வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஆபீசர் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார் என்று தேன்மொழியே நினைத்துவிட்டால்?

"எனக்குத் தட்டெல்லாம்கூட வேண்டாங்கம்மா. அவன் ஒரு தடவை என் வாசலுக்கு வந்து, அண்ணான்னு கூப்பிடட்டும். போதும். அடுத்த நிமிஷம் நான் அங்க நிப்பேன். அவன்தான் வர மாட்டேங்கறானுங்களே."

அம்மா மூலைகள் நிறைந்த அலுமினியத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இத்தனை கெடக்குதுங்களே. இதுல எதுங்கய்யா தானா நடந்து உங்க கைக்கு வந்துச்சு?"